கழித்தல் குறி

டுலூத் நகரில் மே பத்தொன்பது.
ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது.
பட்டமேற்படிப்பு அலுவலகத்தில்
ஜன்னலோர மேசை எனது.
பலகையில் லோர்னா டுவோமினன் என்றிருக்கும்,
கடைசி எழுத்து உதிர்ந்து இரண்டு வருடமாகிறது.

வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்வேன்:
இளங்கலையில் வாங்கிய பி வேறு,
இங்கே வாங்கும் பி வேறு.
அங்கே அதற்கு வீட்டில் கேக் வெட்டியிருப்பார்கள்.
இங்கே அது வாசற்படி.
மேலே நிற்கலாம், அவ்வளவுதான்.
பக்கத்தில் ஒரு கழித்தல் குறி விழுந்தால்
கால் வெளியே.
சி என்ற எழுத்தையும் அச்சிடுகிறோம்,
யாரும் சத்தமாக வாசிப்பதில்லை.

சராசரி மூன்றுக்குக் கீழே போனால்
கணினியே கடிதம் எழுதிவிடும்.
அதில் "வருந்துகிறோம்" என்ற சொல்லை
பதினோரு வருடத்துக்கு முன் நான்தான் சேர்த்தேன்.

காரிக் ஸ்லெட்டன் நான்கு நாற்பதுக்கு வந்தான்.
வயது நாற்பத்தொன்று.
இரும்புத்தாதுத் துறையில் கப்பல்களைக் கட்டும் வேலை,
முழங்கைவரை செம்புழுதி.
ஏழு பாடம் முடித்திருந்தான், ஏழிலும் பி,
ஒரே மட்டத்தில் அடித்த வேலிக்கம்பங்கள் மாதிரி.
எட்டாவது, சதுப்புநில நீரியல்,
போன வருடம் பாதியில் நின்றது.
மகளுக்கு முதுகில் அறுவை, இவனுக்கு இரவுப் பணி.
பேராசிரியை ஐ போட்டார்.

ஐ என்றால் முடிவுறாதது.
எங்கள் மொழியில் 'நான்' என்பதற்கும் அதே எழுத்துதான்,
நிற்கும் ஒரு கோடு.
ஒரு வருடம் பொறுக்கும்.
பிறகு ஒரு நள்ளிரவில்
யாரும் தொடாமலே எஃப் ஆகிவிடும்,
பால் திரிவதைப் போல.

இன்றிரவு.

"எழுதி முடிச்சிட்டேன்" என்று உறையை நீட்டினான்.
உள்ளே இல்சே வெர்னமின் கையொப்பம்.
பி. பக்கத்தில் சின்னக் கோடு.
பேனா வழுக்கியிருக்குமோ என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
இல்லை, அழுத்தித்தான் இழுத்திருந்தார்.

கூட்டி வகுத்தேன். இரண்டு புள்ளி ஒன்பது ஆறு.
கடுகளவு.

"அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா?"

விதிப்புத்தகம், பக்கம் முப்பத்தொன்று, எனக்கு மனப்பாடம்:
எஃப் வாங்கியவர் மறுபடி படிக்கலாம்,
பழையது கணக்கில் சேராது.
பி கழித்தல் வாங்கியவருக்கு அனுமதியில்லை,
அவர் தேறியவர்.
பட்டத்துக்கு அது ஆகாது. ஆனாலும் தேறியவர்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான்.
"அப்போ எழுதாமலே விட்டிருக்கணும்."

நாற்பது பக்கம். டிசம்பர் இரவுகளில்,
துறைமுகக் காவலறையின் ஹீட்டரில் விரல் காய்ச்சி,
நாணல் வேர் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்று
எழுதியிருக்கிறான்.
ஆமாம் என்று நான் சொல்லவேண்டிய இடம்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அவன் உறையைத் திருப்பிக் கேட்கவில்லை.
அதைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
பதினெட்டு வருடம் ஒரு முடிச்சும் நழுவவிடாதவன்
"நாளைக்கு இந்தப் பக்கம் வருவேன்" என்று மட்டும்
சொல்லிவிட்டு இறங்கினான்.

வெர்னமை அழைத்தேன். பதிவுசெய்த குரல்:
செப்டம்பரில் திரும்புவாராம்.

விதியை எழுதிய குழுவுக்கு நான்தான் காபி ஊற்றினேன்.
விழுந்தவனுக்கு மனமிரங்கி ஒரு பத்தி சேர்த்தார்கள்.
ஜெயித்தவனுக்கு ஒரு சான்றிதழ்.
விளிம்பில் விரல் பட்டவனைப் பற்றி
யாருக்கும் அன்று தோன்றவில்லை,
பிஸ்கட் தட்டோடு நின்ற எனக்கும்.

என் தேதி முத்திரையில் ரப்பர் சக்கரம் உண்டு.
கட்டைவிரலால் ஒரு பல் தள்ளினால் இருபது.

ஐந்தடித்தது.
பாலத்தைத் தூக்கச் சொல்லி வெளியே ஒரு கப்பல் ஊதியது,
பதிலுக்குப் பாலமும்.
மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள்.
மேசை விளக்கு எரிகிறது.
உறை திறந்தபடி.
கட்டைவிரலில் மை.